மலைக்கு அனுப்புவதற்கு முன்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. சிவதாபுரத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறான். முதலில் குடி மட்டும் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகவும் போட்டுக்கொள்கிறான். சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஆரம்பித்தால் திங்கட்கிழமை வரை வீட்டில் நிம்மதி இல்லை. இரண்டு முறை தனியார் மையங்களில் சேர்த்தோம். முதல் முறை 45 நாள், அடுத்த முறை 90 நாள். இரண்டாவது இடத்தில் எங்களைப் பார்க்கவே விடவில்லை. உடம்பு தேறி, நல்ல பிள்ளையாகத்தான் வெளியே வந்தான். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது ஏற்காடு அடிவாரத்தில் உள்ள ஒரு மையத்தினர், தாங்களே வண்டியோடு வந்து தூக்கிக்கொண்டு போவதாகவும், மூன்று மாதத்தில் நூறு சதவீதம் குணமாக்கித் தருவதாகவும் சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். உண்மையில் இந்த மறுவாழ்வு மையங்களால் பயன் உண்டா? அல்லது சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்தே போதுமா? அரசு மருத்துவமனைக்குப் போனால் போலீசுக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– கொண்டலாம்பட்டி வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் நகை இந்த வாரம் அடகுக்கடைக்குப் போக வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உங்கள் தம்பி இதுவரை இரண்டு இடங்களில் பெற்றது அந்தச் சிகிச்சையின் முதல் பகுதி மட்டுமே என்பதும், இப்போது ஒன்றரை லட்சத்துக்கு உங்களிடம் விற்கப்படுவதும் அதே முதல் பகுதிதான் என்பதும் உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகின்றன. பாதி வைத்தியத்தை மூன்றாம் முறையாக முழு விலை கொடுத்து வாங்குவதா என்பதே உங்கள் முன் உள்ள கேள்வி.

நடந்ததைச் சற்று நிதானமாகப் பாருங்கள். மதுவானாலும், ஓபியாய்டு எனப்படும், அபினைப்போல் வேலை செய்யும் வகை வலி மாத்திரையானாலும், நிறுத்தியதும் உடல் படும் பாடு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் அடங்கிவிடும். அதன் பிறகு வேளைக்குச் சோறும் இரவில் தூக்கமும் கிடைத்தால் எவருடைய முகமும் தெளியும், எடையும் கூடும். 90 நாள் கழித்து அவர் நல்ல பிள்ளையாக வந்தது நடிப்பன்று. எனினும், மாத்திரை கிடைக்காத ஓரிடத்தில் மாத்திரை இல்லாமல் இருந்தார் என்பதற்கு மேல் அது எதையும் காட்டவில்லை. வெளியே வந்த அன்று அவர் கையில் என்ன கொடுத்து அனுப்பினார்கள்? தொடர்ந்து சாப்பிட மருந்து எழுதினார்களா? அடுத்த வாரம் யாரைப் பார்க்க வேண்டும் என்று தேதி குறித்தார்களா? சனிக்கிழமைக் கூலியை என்ன செய்வது என்று உங்களையும் அவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார்களா? உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. நடந்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்றே எண்ணுகிறேன்.

மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பியதால் சிகிச்சை தோற்றுவிட்டது, அல்லது அவர் திருந்தாத ஜென்மம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2000-ஆம் ஆண்டு வெளிவந்து இன்றுவரை இத்துறையில் மேற்கோள் காட்டப்படும் ஒரு கட்டுரை, போதைச் சிகிச்சை முடித்தவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் மீண்டும் பயன்படுத்தத் தொடங்குகின்றனர் என்று கணக்கிட்டது. அதே கட்டுரை, இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் உள்ளவர்களில் 50 முதல் 70 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் நோய் மறுபடி தலைதூக்குகிறது என்பதையும் அருகில் வைத்துக் காட்டியது. என்னைப் பொறுத்தவரை அதில் எண்களைவிட முக்கியமானது வேறொன்று. இரத்த அழுத்த மருந்தை மூன்று மாதம் கொடுத்து, பிறகு நிறுத்தி, ஆறு மாதம் கழித்து அழுத்தத்தை அளந்து, ஏறியிருக்கிறது என்று கண்டதும் அந்த மருந்து பயனற்றது என்று எவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. மருந்தைத் தொடராததே காரணம் என்கிறோம். போதைச் சிகிச்சையை மட்டும் முற்றிலும் நிறுத்திய பிறகு அளந்து பார்த்து, பயனில்லை என்று கைகழுவுகிறோம். நூறு சதவீதம் என்று சொல்பவர்கள் இந்த நோயைப் பற்றி அறியாதவர்கள், அல்லது அறிந்தும் சொல்பவர்கள். இரண்டில் எதுவானாலும் அவர்களிடம் பணம் கட்ட அது காரணமாகாது.

இத்தகைய மையங்களின் பலகைகள் ஊரெங்கும் முளைப்பதற்கு ஒரு பின்னணி உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சேர்ந்தவரோ 180 பேருக்கு ஒருவர்தான். அந்த இடைவெளியில் நல்லவர்களும் வந்தார்கள், பூட்டுச் சாவியும் நான்கு தடியர்களும் இருந்தால் போதும் என்று எண்ணியவர்களும் வந்தார்கள்.

உங்கள் தம்பியின் நிலையில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன. இரண்டுக்கும் சிகிச்சை வேறு, ஆபத்தும் வேறு. ஆகவே தனித்தனியாக எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை. தமிழ்நாட்டில் இளைஞர்கள் இப்படிக் கரைத்து ஏற்றிக்கொள்வது பெரும்பாலும் டேபென்டடால் என்னும் ஓபியாய்டு வகை வலி நிவாரணி. வீட்டில் காலி அட்டை கிடந்தால் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள், மருத்துவருக்கு அது உதவும். இந்த வகை மருந்தைப் பழக்கத்தால் மிக அதிக அளவில் தாங்கிக்கொள்ளும் உடல், சில வாரங்கள் அது இல்லாமல் இருந்தால் அந்தத் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. மையத்திலிருந்து வெளியே வந்தவர் மனத்தளவில் பழைய கணக்கையே வைத்துக்கொண்டு பழைய அளவையே ஏற்றிக்கொள்ளும்போது, மூச்சு மந்தமாகி நின்றுவிடலாம். பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, மருத்துவமனையில் தங்கி ஹெராயின் போன்றவற்றை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, அளவு மீறியதால் நேர்ந்த இறப்புகள், சிகிச்சையை நல்லபடியாக முடித்துத் தாங்கும் திறனை இழந்தவர்களிடையே நிகழ்ந்ததைக் கண்டது. பாதியில் விட்டுச் சென்றவர்களிடையே அன்று. எனவே ஓபியாய்டு பழக்கம் உள்ள ஒருவரை மூன்று மாதம் அடைத்து வைத்து, எந்த மருந்தும் தொடர்பும் இல்லாமல் வெளியே விடுவது பயனற்றது மட்டுமன்று, அவரை முன்னைவிட அபாயத்தில் நிறுத்துவதும் ஆகும். இரண்டு முறை உங்கள் தம்பி தப்பியிருக்கிறார். மூன்றாம் முறை அந்தச் சோதனை வேண்டாம்.

இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. புப்ரெநார்பின் என்னும் மருந்தை நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரையாக, மருத்துவக் கண்காணிப்பில், மாதக்கணக்கிலும் தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கிலும் கொடுப்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட சிகிச்சை. உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமே ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதை வழங்கி வருகிறது. இதைத் தொடர்ந்து பெறுவோரிடையே இறப்பு விகிதம், சிகிச்சையை விட்டவர்களைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது பல ஆய்வுகளின் முடிவு. 'ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்கு மாற்றுவதா?' என்று அம்மா கேட்பார். பல குடும்பங்கள் இதைக் கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கின்றன. முறையாகக் கொடுக்கப்படும் அளவில் இம்மருந்து கிறக்கத்தைத் தருவதில்லை. ஊசியைத் தேடி அலையும் தவிப்பை அடக்கி, மனிதரைப் பட்டறைக்கு வேலைக்குப் போக வைக்கிறது. வேலைக்குப் போய், கூலியை வீட்டில் கொடுத்து, ஊசியைத் தொடாமல் இருக்கும் ஒருவரை அடிமை என்று அழைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இம்மருந்து வேண்டாம் என்பவர்களுக்கு நால்ட்ரெக்ஸோன் என்னும் வேறொரு மருந்து உண்டு. ஆனால் ஏழிலிருந்து பத்து நாள் எந்த ஓபியாய்டும் உடலில் இல்லாத நிலையில்தான் அதைத் தொடங்க முடியும். அதை இடையில் நிறுத்தினால் மேலே சொன்ன அளவு மீறும் அபாயம் அப்படியே திரும்பி வரும். எது பொருந்தும் என்பதை அவருடைய கல்லீரல் பரிசோதனையையும் பிறவற்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஊசியைப் பிறரோடு பகிர்ந்திருக்கக்கூடும் என்பதால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் அவசியம். இதை அவரிடம் குற்றச்சாட்டாகச் சொல்லாதீர்கள்.

அடுத்து மது. நம் பக்கத்தில் கார்த்திகை மாதம் மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாமல் இருந்துவிட்டு, மலை இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே பழைய இடத்தில் போய் நிற்பவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். அவர்களைக் கேலி செய்கிறோம். ஆனால் அவர்களைக் கூர்ந்து பார்த்தால் இந்த நோயைப் பற்றி நிறையத் தெரிகிறது. அந்த நாட்களில் விடியற்காலைக் குளியல், சாமி என்ற அழைப்பு, உடன் மாலை போட்ட கூட்டம், தவறினால் தெய்வக் குற்றம் என்ற அச்சம் ஆகியவை அவர்களைத் தாங்குகின்றன. மாலை இறங்கியதும் தாங்கியவை அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகின்றன, அவற்றின் இடத்தில் எதுவும் வைக்கப்படுவதில்லை. ஆகவே நிறுத்த முடிகிறதா என்பதைவிட, நிறுத்திய பிறகு எது தாங்குகிறது என்பதே பெரிய கேள்வி. ஓர் எச்சரிக்கையும் இதில் உண்டு: நாள்தோறும் காலையிலேயே குடிக்கும் அளவுக்குப் போனவர்கள், மாலைக்காகவோ சத்தியத்துக்காகவோ திடீரென்று நிறுத்தினால், ஓரிரு நாட்களில் வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் ஆள் அடையாளம் தெரியாத பிதற்றலும் கடும் நடுக்கமும் வரலாம், உயிரும் போகலாம். உங்கள் தம்பிக்குக் காலையில் கை நடுக்கமோ, முன்பு எப்போதாவது வலிப்போ இருந்திருந்தால், குடியை வீட்டில் அடைத்து வைத்து நிறுத்தக்கூடாது. நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயமின் என்னும் பி1 வைட்டமினும் கொடுத்து மருத்துவமனையில் நிறுத்த வேண்டும்.

சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அப்படி விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாமல் இருக்கலாம். டைசல்பிராம் என்னும் மருந்து அதில் இருந்தால், அதை அறியாமல் குடிப்பவருக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிராபத்து வரை போகக்கூடும். நோயாளி அறிந்து, ஒப்புக்கொண்டு, ஒருவர் முன்னிலையில் சாப்பிட்டால் அதே மருந்து சிலருக்கு நன்கு உதவுகிறது. தெரியாமல் கொடுத்தால் அது நஞ்சு. மாத்திரைப் பழக்கத்தின் மேல் அதற்கு எந்தப் பிடிமானமும் இல்லை. எனவே அந்த யோசனையை முற்றாக விட்டுவிடுங்கள்.

இனி, மலை. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் உண்டு, ஏரி உண்டு, கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. போதையைத் தீர்க்கும் குணம் மலைக்காற்றுக்கு உண்டு என்று நான் படித்த எந்த மருத்துவ நூலிலும் இல்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாக மையம் அமைப்பவர்கள் சிலருக்கு அந்த இடம் தரும் உண்மையான வசதி, உள்ளே இருப்பவர் ஓடிப்போவது கடினம் என்பதும், அலறினால் வெளியே கேட்காது என்பதும்தான். இதைக் கசப்போடுதான் எழுதுகிறேன். அங்கேயும் மனசாட்சியோடு நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நல்ல மையமாகவே இருந்தாலும், தம்பி திரும்பி வரப்போவது சிவதாபுரத்துக்கும் கொண்டலாம்பட்டிக்கும்தான்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1970-களின் தொடக்கத்தில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்னும் ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கே இருந்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார். நாடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் சுமார் 5 விழுக்காட்டினரே மீண்டும் அடிமையாயினர். போதை கிடைத்த இடத்தையும் பழகிய கூட்டத்தையும் கடல் கடந்து விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். உங்கள் தம்பியின் நிலை இதற்கு நேர் எதிரானது: மாத்திரை இல்லாத இடத்துக்குச் சென்று நிறுத்தினார், மாத்திரை கிடைத்த அதே தெருவுக்கு, அதே நண்பர்களிடம், அதே சனிக்கிழமைக்குத் திரும்பினார். ஒரு மாதம் தாங்கியதே பெரிது என்றுகூடச் சொல்வேன்.

அப்படியானால் வாழும் இடத்திலேயே சிகிச்சை தர முடியுமா? நம் தமிழ்நாட்டிலேயே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையினர், 1989 முதல், இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் குடிநோயாளிகளுக்கு முகாம் நடத்தினார்கள். சுமார் இரண்டு வாரம் அவர்களுடைய மண்ணிலேயே, ஊரார் ஆதரவோடு, குடும்பத்தாரையும் சேர்த்துச் சிகிச்சை தந்து, பின்னர் அதே ஊருக்கு மீண்டும் மீண்டும் வந்து அவர்களைப் பார்த்தார்கள். அந்த அனுபவம் 1994-இல் உலக அளவிலான போதைநோய் ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தது. கோவாவில் நடந்து 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் எளிமையானது: ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சில அமர்வுகள் பேசியதிலேயே, தீங்கான அளவில் குடித்துக்கொண்டிருந்த ஆண்களில் 36 விழுக்காட்டினர் மூன்று மாதத்தில் அந்த நிலையிலிருந்து மீண்டனர், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 26 விழுக்காடு. வேறுபாடு மலையளவு இல்லைதான். ஆனால் அந்தப் பயன் ஓராண்டு கழித்தும் நீடித்தது. யாரும் யாரையும் வண்டியில் தூக்கிச் செல்லவில்லை.

வண்டியில் தூக்கிச் செல்வதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஒருவரை அவருடைய ஒப்புதல் இல்லாமல் சேர்க்க வேண்டுமானால், ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மருத்துவரோ மனநலத் துறையினரோ தனித்தனியே பரிசோதித்து, அவருக்கோ பிறருக்கோ தீங்கு நேரக்கூடிய அளவு நோய் முற்றியிருக்கிறது என்று எழுத வேண்டும். அப்போதும் 30 நாள் வரைதான். அதற்கு மேல் நீட்டிக்க இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் அச்சட்டப்படி அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் தேவை. ஆகவே, ஒருவரை நேரில் பார்க்காமலே தொலைபேசியில் 90 நாள் என்று விலை பேசும் இடம், தொடக்கத்திலேயே சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. சங்கிலியால் கட்டுவதை இச்சட்டம் முற்றாகத் தடை செய்கிறது. குடும்பத்தாரைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் நோயாளிக்கு உரிமை தருகிறது. இரண்டாவது மையத்தில் உங்களைப் பார்க்க விடாதது அந்த உரிமையைப் பறித்ததே. தனியார் மையங்களில் அடிபட்டு இறந்தவர்களைப் பற்றிய வழக்குகள் நம் மாநிலத்தில் பதிவாகியுள்ளன. செய்தித்தாளில் நீங்களும் படித்திருப்பீர்கள். உங்கள் தம்பியை அடித்தார்களா என்று அவரிடம் எப்போதாவது கேட்டதுண்டா? தனியாக, சண்டை இல்லாத ஒரு நேரத்தில் கேளுங்கள். மூன்றாம் முறை சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் வீட்டை விட்டு ஓடினால், அதற்கான காரணம் அந்தப் பதிலில் இருக்கலாம்.

'அவனாக வரமாட்டான், தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்' என்பது உங்கள் வீட்டிலும் பேசப்படுவதாக ஊகிக்கிறேன். அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்குச் சில வழிமுறைகளில் பயிற்சி தந்து ஒப்பிட்டது. குடும்பமே கூடி உட்கார்ந்து எதிர்கொண்டு நிர்ப்பந்திக்கும் முறையில் 30 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வந்தனர். குடிக்காத நேரத்தில் அன்பாகவும் குடித்த நேரத்தில் விலகியும் இருக்கவும், சரியான தருணம் பார்த்து அழைக்கவும் குடும்பத்தாரைப் பழக்கிய முறையில் 64 விழுக்காட்டினர் வந்தனர். செயலில் இது எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். சனி இரவு அவர் தள்ளாடி வரும்போது எதுவும் பேசாதீர்கள். அழுகையும் சாபமும் அப்போது அவர் காதில் ஏறா. செவ்வாய், புதன்கிழமைகளில் தெளிவாக வேலை முடித்து வரும் மாலையில் அவருக்குப் பிடித்ததைச் சமைத்து உடன் உட்காருங்கள். திங்கட்கிழமை உடல் வலியும் வயிற்றுப்போக்கும் தூக்கமின்மையுமாக அவர் தவிக்கும்போது, 'இந்த வலிக்கு மருந்து இருக்கிறதாம், அடைத்து வைக்கமாட்டார்களாம், போய்விட்டு அன்றைக்கே வந்துவிடலாம்' என்று மட்டும் சொல்லுங்கள். முதல் முறை மறுப்பார். அந்த வாய்ப்பு அடுத்த திங்களும் வரும்.

பணத்தைப் பற்றி ஓர் ஏற்பாடு தேவை, ஆனால் அது அவரோடு பேசிச் செய்த ஏற்பாடாக இருக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால், பட்டறை முதலாளியிடம் பேசி, கூலியைச் சனிக்கிழமை மாலைக்குப் பதில் வேறொரு நாளில் அம்மா கையிலோ வங்கிக் கணக்கிலோ தரச் சொல்லலாம். வெள்ளித் தொழிலில் முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்கும் வழக்கம் இருப்பதால், கடன் எவ்வளவு நிற்கிறது என்பதையும் விசாரியுங்கள். முன்பணத்தில் மூழ்கியவர் வேலையிடத்தை மாற்ற நினைத்தாலும் மாற்ற முடியாது. அவர் வாங்கிய கடன்களை நீங்கள் ஓசையின்றி அடைத்துவிடுவது அன்புதான், ஆனால் அது அடுத்த வாரத்து மாத்திரைக்கும் வழி விடுகிறது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களில் பட்டறைகள் மூடி ஊரே வீதியில் இருக்கும். கையில் காசும் ஓய்வும் ஒன்றாகச் சேரும் அந்த வாரத்துக்கு முன்கூட்டியே ஒரு திட்டம் வேண்டும், வெளியூர் உறவினர் வீடாக இருந்தாலும் சரி. குடியை விட்டவர்கள் தாமே கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் கட்டணமில்லாதவை. 2020-இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வில், இவ்வழியைப் பின்பற்றியவர்களில் 42 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் முற்றிலும் குடிக்காமல் இருந்தனர் என்றும், பிற சிகிச்சைகளில் அது 35 விழுக்காடு என்றும் தெரியவந்தது. எனக்கே அது சற்று வியப்பாக இருந்தது. அது மதுவுக்கான கணக்கு. மாத்திரைக்கு மருந்தின் இடத்தை அது நிரப்பாது.

உள்ளே தங்கும் சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலிப்பு வந்தவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், வெளிநோயாளியாக முயன்றும் ஒரு நாள்கூட நிறுத்த முடியாதவர்கள் ஆகியோருக்கு அது தேவை. அப்படி ஒரு தேவை உங்கள் தம்பிக்கு வந்தால், மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பேரைக் குணமாக்கினீர்கள் என்று கேட்காதீர்கள், அதற்கு எவரும் அழகான பதில் வைத்திருப்பார்கள். சென்ற ஆண்டு வெளியே போனவர்களில் எத்தனை பேர் இன்றும் உங்களிடம் வந்து போகிறார்கள் என்று கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தெந்த நாட்களில் நேரில் வருகிறார், இரவில் செவிலியர் இருக்கிறாரா, ஓபியாய்டுக்கு நீண்டகால மருந்து தருகிறீர்களா, குடும்பத்தை வாரம் ஒரு முறையாவது சந்திக்க விடுவீர்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சமூகநீதி அமைச்சகத்தின் நிதியுதவியோடு இயங்கும் மறுவாழ்வு மையங்களும் உள்ளன. அவற்றை அறிய 14446 என்ற தேசிய உதவி எண்ணைப் பயன்படுத்தலாம்.

உங்கள் முதல் படி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. புறநோயாளிச் சீட்டு வாங்கிக் காலையிலேயே போய்விடுங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும். நகையை அடகு வைக்க வேண்டியிருக்காது. போலீஸ் அச்சத்துக்கு இடமில்லை. சிகிச்சைக்கு வருபவரின் தகவல்களை இரகசியமாகக் காக்க மேலே சொன்ன மனநலச் சட்டமே மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டமான 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவும், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தாமாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால், அவர்மீது வழக்கு நடத்துவதிலிருந்து பாதுகாப்புத் தருகிறது.

சிகிச்சை தொடங்கிய பின் பயனை எப்படி அளப்பது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை தவறியதும் எல்லாம் போயிற்று என்று வீட்டில் ஒப்பாரி வைத்தால், அவர் அடுத்த வாரம் மருத்துவரிடம் போகமாட்டார். தவறிய மறுநாளே போக வேண்டும் என்பதுதான் உங்கள் வீட்டு விதியாக இருக்க வேண்டும். ஊசி நின்றதா, மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போனார், கடன் குறைந்ததா, மருத்துவர் குறித்த தேதிகளில் எத்தனைக்குப் போனார் என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். குறைந்தது ஓராண்டு எழுதிய பிறகு சிகிச்சையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம்.

அதுவரை ஓர் ஆபத்தைப் பற்றி வீட்டில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். அவர் அழைத்தும் தட்டியும் எழாமல், விட்டுவிட்டு மெதுவாக மூச்சு விட்டாலோ, குறட்டைபோல் கரகரத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழையுங்கள். என்ன மாத்திரை என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தம்பி வர மறுத்தால், அவர் இல்லாமல் நீங்களும் அம்மாவும் மட்டும் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். காலி மாத்திரை அட்டை, முந்தைய இரண்டு மையங்களின் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். அம்மாவுக்கு உறக்கம் இருக்கிறதா, உங்களுக்கு இருக்கிறதா என்பதையும் அங்கே சொல்லுங்கள். போவதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.